பல் பட்ட நட்டு

1

செத்துப்போனவரின் சட்டைப் பையில் செல்போன் அடித்தது.

காலை எட்டு ஐம்பது.

இறக்கத்தின் அடியில், தண்ணீர்த் தொட்டியின் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது அந்தக் கார். வெள்ளை நிறச் சின்ன எஸ்யூவி. பெரிய வண்டி என்று பெருமையடிக்க முடியாது. சின்ன வண்டி என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும். அந்த ரகம்.

ஏர்பேக் பாதி விரிந்து, மீதிக்கு மனசு வராமல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டீயரிங்கின் மேல் கவிழ்ந்து கிடந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். டை கட்டியிருந்தார். ஷூ பளபளத்தது. மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. தினம் பத்து டாக்டரைப் பார்ப்பதுதான் அவர் தொழில். இன்றைக்கு ஒரே ஒரு டாக்டர்தான் வந்தார். மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். போய்விட்டார்.

செல் விடாமல் அடித்தது.

"எடுக்கட்டுமா மேடம்?" என்றார் ஏட்டு. பதினெட்டு வருஷம் போலீஸ் ஜீப் ஓட்டிவிட்டு ஸ்டேஷனுக்குள் வந்தவர். மனுஷனைவிட வண்டியை நன்றாகப் புரிந்துகொள்வார்.

"நானே எடுக்கறேன்."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். ஐம்பதைத் தொட்ட பெண்மணி. குனியும்போதெல்லாம் முழங்கால் ஒரு சத்தம் போடும். 'நானும் செகண்ட் ஹேண்ட்தான்' என்று அதற்கு அவரே விளக்கம் சொல்லிக்கொள்வார்.

செல்லைக் காதில் வைத்தார்.

"குட்மார்னிங் சார்... கார் சர்வீஸ் சென்டர்லேர்ந்து பேசறேன். போன வியாழக்கிழமை உங்க வண்டிக்கு ரீகால் வேலை முடிச்சுக் குடுத்தோம். அதைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசலாமா சார்?"

தேன் தடவின இளம் குரல்.

"சார் இல்லைம்மா. போலீஸ் இன்ஸ்பெக்டர் பேசறேன்."

குரலில் தேன் குறையவில்லை.

"ஓகே மேடம். சார் ஃப்ரீயா இருக்காரா?"

"ரொம்ப ஃப்ரீயா இருக்கார். அதென்ன ரீகால்?"

"கம்பெனி ஒரு பார்ட்ல குறை இருக்குன்னு கண்டுபிடிச்சா, வித்த வண்டியையெல்லாம் திரும்ப வரச்சொல்லி ஃப்ரீயா மாத்திக் குடுப்போம் மேடம். இந்த மாடல்ல முன் சக்கரத்துக்குப் போற பிரேக் ஹோஸ்... ரப்பர் டியூப்... உள்பக்கமா விரிசல் விடுது. இறக்கத்துல அழுத்திப் பிடிச்சா வெடிச்சிடலாம்."

"அப்புறம்?"

"பழசு முழுக் கறுப்பா இருக்கும். புதுசுல நீலக் கோடு இருக்கும். சார் வண்டிக்கு ரெண்டு பக்கமும் நீலக் கோடு போட்டதுதான் மாட்டியிருக்கோம். லெட்டர் முதல் ஓனருக்குத்தான் போகும் மேடம். சார் ரெண்டாவது ஓனர். அவரே நம்பரைப் போட்டுப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டு வந்தார். ரொம்ப விவரமான கஸ்டமர்."

"ம்."

"இப்ப பிரேக்குக்கு பத்துக்கு எத்தனை மார்க் போடுவார் மேடம்?"

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். சுவருக்குள் போயிருந்த பானெட்டைப் பார்த்தார்.

"நீயே பார்த்துப் போட்டுக்கம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

2

இறக்கத்தின் உச்சியிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். எண்ணெய்க் கறை படிந்த ஓவரால். கையில் டூல் பெட்டி.

"யாருய்யா அது?"

"ஸ்பேனர்னு கூப்பிடுவாங்க மேடம்" என்றார் ஏட்டு. "மெக்கானிக். செத்தவரோட பொண்டாட்டிக்குக் கூடப்பிறந்த அண்ணன்."

ஸ்பேனர் கார் ஜன்னலுக்கு வெளியே நின்றார். உள்ளே பார்த்தார்.

"மாப்பிள்ளை..."

கண்ணை மூடினார். திறந்தார். பிறகு, அழுகிற மனிதர்கள் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். இடது முன் சக்கரத்தருகே மண்டியிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டார்.

துழாவினார்.

கை நின்றது. முகம் சாம்பல் நிறமானது.

"என்ன கிடைச்சுது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணுமில்லை மேடம்."

"ஒண்ணுமில்லாததைத் தொட்டா இப்படியா வேர்க்கும்?"

"பிரேக் ஆயில் ஒழுகியிருக்கு. பழைய வண்டி... எது வேணா ஆகும்."

"நீங்க எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தீங்க?"

"தங்கச்சி எட்டேகாலுக்கு போன் பண்ணா. பிரேக்குன்னு சிவப்பு லைட் எரியுதுன்னா. 'தொடாதே, அரை மணியில வர்றேன்'னேன். வர்றதுக்குள்ள..."

ஆட்டோ ஒன்று கிறீச்சிட்டு நின்றது. அதிலிருந்து இறங்கியவளுக்கு முப்பத்தைந்து வயது. மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். கழுத்தில் கடையின் அடையாள அட்டை தொங்கியது.

அவள் காரைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். கத்தவில்லை. நேராக அண்ணனிடம் வந்தாள்.

"நல்ல வண்டின்னு சொன்னியே."

"அம்மாடி..."

"நீ சொன்னதாலதான வாங்கினோம்? ஏழு மாசத்துல என்னல்லாம் ஆச்சு? கியர் உதறுச்சு. ஸ்க்ரீன் கறுப்பாச்சு. ஹேண்ட்பிரேக் பட்டனை அமுக்கினா ரேடியோ பாடுது, பிரேக் பிடிக்கலை. ஒவ்வொரு தடவையும் 'சின்ன விஷயம்மா, சின்ன விஷயம்மா'ன்னே. இப்ப சொல்லு. இதுவும் சின்ன விஷயமா?"

ஸ்பேனர் தரையைப் பார்த்தார்.

"வண்டியை தினம் ஓட்டறது யாரும்மா?" என்று மெல்லக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான் மேடம். மலையிறக்கத்துல ஏழு வளைவு தாண்டி டவுனுக்குப் போகணும். இன்னைக்கும் எடுத்தேன். தெருமுனை தாண்டறதுக்குள்ள சிவப்பு லைட். நிறுத்திட்டேன். அண்ணனுக்குப் போன் பண்ணேன். அப்புறம் அவருக்குப் பண்ணி, 'அண்ணன் வந்து பார்க்கறேன்னிருக்கான்'னு சொன்னேன். வீட்டுலேர்ந்து ஓடி வந்துட்டார்."

"ஓடியா?"

"மூச்சு வாங்க. 'அவன் எதுக்கு? நானே சர்வீஸ் சென்டருக்கு மெதுவா உருட்டிக்கிட்டுப் போயிடறேன். நீ பஸ்ல போ'ன்னு சாவியைப் பிடுங்கிக்கிட்டார். ஆபத்துன்னு தெரிஞ்சும் என்னை இறக்கி விட்டுட்டு அவர் ஏறினார் மேடம்."

இப்போதுதான் அவள் உடைந்தாள்.

"எனக்காக ஏறினார்."

ஸ்பேனரின் கைவிரல்கள் டூல் பெட்டியின் பிடியை நெரித்தன.

3

மத்தியானம். ஸ்டேஷன்.

ஏட்டு மேஜை மேல் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கவரை வைத்தார். கல்யாண நகையை வைப்பது போல.

"இடது முன் சக்கரத்து பிரேக் மேடம். முழுசா அறுத்து எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். ஹோஸைப் பாருங்க."

"கறுப்பா இருக்கு."

"முழுக் கறுப்பு. நீலக் கோடே இல்லை."

"வலது பக்கம்?"

"அங்க நீலக் கோடு இருக்கு."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வியாழக்கிழமை ரெண்டு பக்கமும் புதுசு மாட்டியாச்சு. இன்னைக்கு ஒரு பக்கம் பழசு இருக்கு. அப்படின்னா நடுவுல யாரோ புதுசைக் கழட்டிட்டு, கம்பெனியே வேண்டாம்னு சொன்னதைத் திரும்ப மாட்டியிருக்காங்க."

"மாத்தினதா எழுதிக் குடுத்துட்டு மாத்தாம விட்டுட்டாங்கன்னு பழி கம்பெனி மேல போகும்னு கணக்கு மேடம். ஊர்ல இந்த மாடலைத் திட்டாத ஆளே இல்லை. இது கவுந்தா யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க."

"யாரால முடியும் இது?"

"சக்கரத்தைக் கழட்டணும். ஹோஸை மாத்தணும். ஆயில் ஊத்தி, உள்ளே இருக்கற காத்தை வெளியே எடுக்கணும். தொழில் தெரிஞ்ச ஆள்." ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் விசாரிச்சேன். போன ஞாயித்துக்கிழமை ஸ்பேனர் ஷெட் வாசல்ல சண்டை. மாப்பிள்ளையோட டையைப் பிடிச்சு இழுத்து, 'உன்னை உயிரோட விடமாட்டேன்'னு ஸ்பேனர் சத்தம் போட்டிருக்கார். டயர் பஞ்சர் ஒட்ட வந்த நாலு பேர் கேட்டிருக்காங்க."

"என்ன சண்டை?"

"அது மட்டும் யாருக்கும் காதுல விழலை. நம்ம ஜனங்களுக்கு மிரட்டல் கேட்கும், காரணம் கேட்காது."

இன்ஸ்பெக்டர் கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்பு ஹோஸ். பக்கத்தில் தனியாக ஒரு சின்ன இரும்புக் குழாய். அதன் முனையில், ஹோஸோடு சேர்த்து முறுக்கும் ஒரு நட்டு.

"இந்த ஹோஸ் எங்கே வெடிச்சிருக்கு?"

ஏட்டு தலையைச் சொறிந்தார்.

"அதுதான் மேடம் எனக்கும் புரியலை. உள்ளே தண்ணி விட்டுப் பார்த்தேன். சொட்டுக்கூட கசியலை."

4

ஸ்பேனரின் ஷெட்.

மற்ற ஷெட்டுகள் மாதிரி இல்லை. ஒவ்வொரு டூலுக்கும் சுவரில் ஓர் ஆணி. ஆணியைச் சுற்றி அந்த டூலின் உருவம் பெயின்ட்டில் வரைந்திருந்தது. எடுத்தால் நிழல் மட்டும் நிற்கும். தூக்கி நிறுத்தியிருந்த ஒரு வேனின் அடியில், அவர் முறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் மஞ்சள் பெயின்ட்டில் மெல்லிய கோடு. நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக் கொடுக்கும்.

இன்ஸ்பெக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஹோஸை மாத்தினது யாரு?"

"நான்தான்."

அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருந்த இன்ஸ்பெக்டருக்கு வாய் அப்படியே நின்றது. இருபத்தாறு வருஷ சர்வீஸில் இவ்வளவு சுலபமாக ஒருவன் ஒப்புக்கொண்டதில்லை. அவருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"என்ன சொன்னீங்க?"

"நான்தான் மாத்தினேன். எழுதிக்குங்க. கையெழுத்துப் போடறேன்."

"ஏன்?"

"பிடிக்கலை. சண்டை. அவ்வளவுதான்."

"எப்ப மாத்தினீங்க?"

"நேத்து."

"எங்க?"

"இங்கதான்."

"எந்த ஸ்பேனர்?"

ஸ்பேனர் சுவரில் ஓர் ஆணியைக் காட்டினார். "பிரேக் பைப்புக்குன்னு தனி ஸ்பேனர் மேடம். நட்டை எல்லாப் பக்கமும் கவ்விப் பிடிக்கும். மூலை மழுங்காது."

தொழிலைப் பற்றிப் பேசும்போது குரலில் அவரை அறியாமல் ஒரு பெருமை வந்தது. கொலையை ஒப்புக்கொள்கிறோம் என்பதையே மறந்துவிட்டார், பாவம்.

இன்ஸ்பெக்டர் கவரை நீட்டினார்.

"இந்த நட்டைப் பாருங்க."

ஸ்பேனர் பார்க்கவில்லை. வேறு பக்கம் திரும்பினார்.

"பாருங்கன்னேன். ஆறு மூலையும் மழுங்கிப் போயிருக்கு. சுத்தி வரப் பல் பல்லா தடம். எலி கடிச்ச தேங்காய் மாதிரி. இது எதால முறுக்கினது?"

ஸ்பேனர் கையை ஓவராலில் துடைத்தார்.

"எங்க ஏட்டுக்கே தெரிஞ்சுடுச்சு. கட்டிங் பிளையர். வீட்டுல ஆணி பிடுங்கறது. இதை வச்சு பிரேக் நட்டை முறுக்கின மெக்கானிக் உலகத்துல உண்டாய்யா?"

"அவசரத்துல..."

"அவசரத்துல உங்க மீசையைக்கூட எடுத்துடுவீங்க. நட்டு மேல பிளையர் வைக்க மாட்டீங்க. மஞ்சள் கோடு எங்கே?"

ஸ்பேனர் வேனின் சக்கரத்தில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"சரி, அதை விடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "இந்த வண்டியை தினம் ஓட்டறது உங்க தங்கச்சி. பிரேக்கைக் கெடுத்தவன் யாரா இருந்தாலும், சாகணும்னு அவன் நினைச்சது உங்க தங்கச்சியை. கூடப்பிறந்தவளைக் கொல்லப் பார்த்தேன்னு கையெழுத்துப் போடறீங்களா?"



"போடறேன் மேடம்."

"எதுக்கு?"

"அவகிட்ட வேற எதையும் சொல்லாதீங்க. அது போதும். நான் உள்ளே போறேன். கேஸை முடிச்சுடுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

எண்ணெய்க் கறை படிந்த இரண்டு கைகள் குவிந்தன.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். முழங்கால் சத்தம் போட்டது. அதற்கு இப்போது விளக்கம் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

வெளியே வந்து, சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டார். காலையில் பேசிய அதே குரல்.

"சொல்லுங்க மேடம். மார்க் போடறீங்களா?"

"கழட்டின பழைய ஹோஸை என்னம்மா பண்ணுவீங்க?"

"ரீகால் பார்ட்டை நாங்களே வச்சு அழிச்சுடணும் மேடம். அதுதான் விதி. ஆனா இந்த சார் விடவே இல்லை. 'நிஜமா மாத்தினீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? பழைய பார்ட் கையில வேணும்'னு ஒரே சண்டை. நிறையப் பேர் அப்படிக் கேட்பாங்க மேடம். எங்க மேலே அவ்வளவு நம்பிக்கை. மேனேஜர் கடைசியில குடுத்துட்டார்."

"கையெழுத்து?"

"வாங்கியிருக்கோம். 'பழைய ஹோஸ் ரெண்டு பெற்றுக்கொண்டேன்'னு சாரே எழுதியிருக்கார். ரொம்ப அழகான கையெழுத்து மேடம்."

5

சாயங்காலம் நாலு மணி.

தங்கையின் வீடு. வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. உறவுக்காரர்கள் முன்னறையில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். போலீஸைப் பார்த்ததும் கிசுகிசுப்பு நின்றது. கூடவே வந்த ஸ்பேனரைப் பார்த்ததும் தங்கை எழுந்தாள்.

"இவன் உள்ளே வரக்கூடாது."

"அம்மா, கொஞ்சம்..." என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஏட்டய்யா எல்லாம் சொல்லிட்டார். சண்டை போட்டானாம். மிரட்டினானாம். பழைய டியூபை மாட்டினானாம். நான் உட்கார்ற வண்டின்னுகூட யோசிக்கலையா அண்ணா நீ?"

ஸ்பேனர் நிலைப்படியில் நின்றார். உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக.

"நீ பண்ணியா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"பண்ணேன்."

முன்னறையே மூச்சை இழுத்தது.

அவள் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். நிதானமாக.

"சின்ன வயசுல எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்தவன் நீ. சீட்டைப் பிடிச்சுக்கிட்டே ஓடி வருவே. விடவே மாட்டே. இப்ப விட்டுட்டே. போ."

"போறேம்மா" என்றார் ஸ்பேனர். "வாங்க மேடம், போகலாம்."

"கொஞ்சம் இருங்க. அவசரப்பட்டு ஜெயிலுக்கு ஓடாதீங்க, கூட்டமா இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். தங்கையிடம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரர் பழைய பார்ட்டையெல்லாம் எங்க வைப்பார்?"

"எதுக்கு மேடம்?"

"பழசைக் கேட்டு வாங்கற பழக்கம் உண்டா இல்லையா?"

"உண்டு. மிக்ஸி ரிப்பேரானா பழைய பிளேடு வேணும்பார். குழாய் மாத்தினா பழைய வாஷர் வேணும்பார். யாரும் அவரை ஏமாத்திடக் கூடாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு அலமாரி முழுக்க வச்சிருக்கார்."

"மேடம், வேண்டாம்" என்றார் ஸ்பேனர்.

செத்தவரின் சட்டைப் பையில் கிடைத்த சாவிக் கொத்தால் ஏட்டு அலமாரியைத் திறந்தார். சின்னச் சின்ன டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் அழகான கையெழுத்தில் சீட்டு. 'மிக்ஸி'. 'கீசர்'. 'வாசல் மணி'. கீழ்த்தட்டில் ஷூ பெட்டிகள். அதில் ஒன்றில் மட்டும் சீட்டு இல்லை.

ஏட்டு திறந்தார்.

ஒரு கட்டிங் பிளையர். பிரேக் ஆயில் டப்பா, பாதி காலி. சர்வீஸ் சென்டரின் பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் பை. அதில் ஒரு கறுப்பு ஹோஸ்.

பையின் அடியில்... நீலக் கோடு போட்ட புத்தம் புது ஹோஸ் ஒன்று.

தங்கை பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். மறுபடி பெட்டியைப் பார்த்தாள்.

"இது... இவன் இங்க கொண்டுவந்து வச்சானா?"

"அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கும்?"

"அவர்கிட்டதான்."

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டரின் பையில், கவருக்குள் இருந்த செத்தவரின் செல் அதிர்ந்தது. திரையில் பெயர் மின்னியது.

டயர் கடை.

"காலையிலேர்ந்து பதினாலாவது தடவை மேடம்" என்றார் ஏட்டு. "நான் ஸ்டேஷன்ல எடுத்தா, குரலைக் கேட்டதும் வச்சிடறாங்க. எந்த டயர் கடைக்காரனுக்கு கஸ்டமர் மேல இவ்வளவு அக்கறை?"

ஸ்பேனர் நிலைப்படியிலிருந்து பதறினார். "எடுக்காதீங்க மேடம். அவ இருக்கா. வெளியே போய் எடுங்க."

இன்ஸ்பெக்டர் தயங்கினார்.

தங்கை கையை நீட்டினாள். குரல் தாழ்ந்து, தெளிவாக இருந்தது.

"குடுங்க. என் புருஷன் போன்தானே."

பச்சையைத் தொட்டாள். ஸ்பீக்கரைத் தொட்டாள். பேசவில்லை. மூச்சு மட்டும் விட்டாள்.

மறுமுனையில் ஒரு பெண். படபடப்பான குரல்.

"ஏன் போனையே எடுக்கலை? யாரோ ஒரு ஆள் எடுக்கறான்... நான் செத்தே போயிட்டேன். முடிஞ்சுதா? அவ வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டான்னு மெசேஜ் போட்டே, அப்புறம் சத்தத்தையே காணோம். பிரேக் போச்சா இல்லையா? சொல்லேன்."

தங்கை மெதுவாகச் சொன்னாள்.

"போச்சு."

லைன் அறுந்தது.

"ஏட்டு" என்றார் இன்ஸ்பெக்டர். "அந்த டயர் கடை எந்தத் தெருவுல இருக்குன்னு பாருங்க. இன்னைக்கே இழுத்து மூடணும்."

6

உறவுக்காரர்கள் போய்விட்டார்கள். அவ்வளவு பெரிய செய்தியை வைத்துக்கொண்டு அவர்களால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

முன்னறையில் மூன்று பேர் மட்டும்.

"ஞாயித்துக்கிழமை சண்டை அதுக்குத்தானா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

ஸ்பேனர் தலையசைத்தார். "வண்டியில அந்தப் பொண்ணோட போறதைப் பார்த்தேன். டையைப் பிடிச்சேன். 'இன்னியோட விட்டுடறேன் மச்சான், உன் தங்கச்சிகிட்ட சொல்லிடாதே'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். நம்பினேன்."

"காலையில நட்டைத் தொட்டதுமே தெரிஞ்சுடுச்சு இல்லையா?"

"விரல்ல பல் தடம் குத்துச்சு மேடம். இது கடைக்காரன் வேலை இல்லைன்னு தெரிஞ்சுது. அந்த வீட்டுல பிளையர் பிடிக்கற கை ஒண்ணுதான்."

தங்கை இன்னும் ஷூ பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா எதுக்கு அவர் ஓட்டினார்?" என்றாள். "பிரேக் போகும்னு தெரிஞ்சவர் எதுக்கு ஏறினார்?"

இன்ஸ்பெக்டர் சொல்லலாமா என்று யோசித்தார். பிறகு, இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

"நீங்க அண்ணன் வந்து பார்க்கறேன்னிருக்கான்னு சொன்னீங்க இல்லையா? இவர் வந்து சக்கரத்துக்குப் பின்னால கையை விட்டிருந்தா ஒரு நிமிஷத்துல குட்டு வெளிப்பட்டிருக்கும். அதுக்கு முன்னால வண்டியை அங்கேயிருந்து கிளப்பியாகணும். ஹோஸ் வெடிக்கறதுன்னா ஏழு வளைவுல, வேகத்துல, அழுத்திப் பிடிக்கும்போதுதான் வெடிக்கும்னு அவர் கணக்கு. மெதுவா உருட்டினா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சார்."

"ஆனா வெடிச்சுடுச்சு."

"அதுதான் இல்லை. ஹோஸ் வெடிக்கவே இல்லை. கம்பெனி வேண்டாம்னு சொன்ன அந்தப் பழைய ஹோஸ் இன்னைக்கும் கல்லு மாதிரி இருக்கு. கழண்டது நட்டு. அவர் பிளையரால முறுக்கினாரே, அது. ராத்திரி முழுக்க அது வழியா ஆயில் ஒழுகியிருக்கு. அதனாலதான் உங்களுக்கு சிவப்பு லைட் எரிஞ்சுது. அவர் இறக்கத்துல முதல் தடவை பிரேக்கை மிதிச்சப்ப, மொத்தமா பிடுங்கிக்கிச்சு."

தங்கை ஷூ பெட்டியை மூடினாள்.

இவ்வளவு நாள் அவள் திட்டித் தீர்த்த அந்த எரிச்சல் பிடித்த கார், தெருமுனையிலேயே ஒரு சிவப்பு விளக்கைப் போட்டு அவளை இறக்கிவிட்டிருக்கிறது. அவளுக்கு அது புரிய ஆரம்பித்தது. பதினொரு வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவர் ஒரு விளக்கும் போடவில்லை.

"'எனக்காக ஏறினார்'னு காலையில அழுதேன் மேடம்" என்றாள். "எல்லார் முன்னாலயும்."

இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பது போல் திரும்பிக்கொண்டார். கண்ணில் தூசி. அந்தத் தெருவில் தூசி அதிகம்.

தங்கை எழுந்து நிலைப்படிக்கு வந்தாள். ஸ்பேனர் இன்னும் அங்கேதான் நின்றார். உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக.

"எதுக்கு நீ பண்ணேன்னு சொன்னே?"

"புருஷன் செத்த துக்கம்னா ஒரு வருஷம், ரெண்டு வருஷத்துல ஆறும்மா. புருஷனே கொல்லப் பார்த்தான்னு தெரிஞ்சா நீ இனிமே யாரையும் நம்ப மாட்டே. அண்ணன் கெட்டவன்னா பரவாயில்லை. ஊர்ல பாதிப் பேருக்கு அப்படித்தான்."

"ஜெயிலுக்குப் போயிருப்பியா?"

"அங்கயும் வண்டி இருக்கும். ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருந்திருப்பேன்."

அவள் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். எண்ணெய்க் கறை அவள் உள்ளங்கையில் ஒட்டியது. துடைக்கவில்லை.

"ஆனாலும் உன்னை மன்னிக்க மாட்டேன்."

"எதுக்கும்மா?"

"வண்டியை நீதான் பார்த்து 'நல்ல வண்டி'ன்னு சொன்னே. பதினொரு வருஷத்துக்கு முன்னால அவரையும் நீதான் போய்ப் பார்த்துட்டு வந்து 'நல்ல மாப்பிள்ளை'ன்னு சொன்னே. உன் பேச்சைக் கேட்டு ரெண்டையும் வீட்டுக்குள்ள விட்டேன். பிரேக் போறப்பக்கூட வண்டி என்னை இறக்கிவிட்டுட்டுத்தான் போச்சு. அவர் விஷயத்துல மட்டும் எப்படி அண்ணா கோட்டை விட்டே?"

ஸ்பேனர் தொழில்காரனின் நேர்மையோடு பதில் சொன்னார்.

"வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்தேன்ம்மா. மாப்பிள்ளையை நிக்க வச்சுத்தான் பார்த்தேன்."